லீவில் பிள்ளை என்ன கற்றது?

கோடை முகாம் என்பது ஒரு பள்ளி ஆண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவெளியில், பாடத்துக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் குறுகிய காலப் பயிற்சி. தமிழ்நாட்டில் ஏப்ரல் பின்பாதியில் பள்ளிகள் மூடி, ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்த ஐந்தாறு வாரமும் கத்திரி வெயிலோடு சேர்ந்தே வரும். மே முதல் வாரம் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை நீளும் அந்த வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் மைதானத்தில் நிற்க முடியாது. அதனால் விளையாட்டுப் பயிற்சிகள் விடியற்காலையிலும் மாலையிலும் நடக்கும். ஓவியம், சதுரங்கம், கையெழுத்து, கணினி போன்றவை மின்விசிறிக்குக் கீழே நடக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த இரண்டு மாவட்டங்களிலும் லீவு என்றால் ஆயா வீடு, கிணறு, மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, வெங்காயம் தாள் அரிவது. சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெயர் போன பெரம்பலூர் பக்கத்தில் பிள்ளைகளின் கை வேலைக்குத் தேவைப்பட்டது. பெரம்பலூர் 1995-இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரம் என்று ஓர் ஊர் ஆகும்போதுதான் மாவட்ட விளையாட்டரங்கம், மாவட்ட மைய நூலகம், மாவட்டத்துக்கென்று ஒரு பயிற்சியாளர் என எல்லாம் வந்து சேர்கின்றன. அதற்கு முன்பு இவற்றுக்கெல்லாம் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும். இன்று முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் அப்படியொரு முகாமைத் தம் வயதில் பார்த்ததே இல்லை. அவர்களுடைய பெருமையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இப்போது முகாம் நடத்துபவர்கள் பல வகை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் உருவானது. ஆண்டுதோறும் எல்லா மாவட்ட விளையாட்டரங்கங்களிலும் இரண்டு, மூன்று வாரக் கோடைப் பயிற்சி முகாமை அது நடத்துகிறது. தடகளம், கைப்பந்து, கால்பந்து, கபடி போன்றவற்றில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். முடிவில் சான்றிதழ் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டு, பரதம், ஓவியம், கைவினை சொல்லித் தருகின்றன. நூலகங்களில் கதை சொல்லல், வாசிப்பு, சதுரங்கம் நடக்கும். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக ‘துளிர்’ இதழை நடத்துகிறது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புகிறது. இவற்றோடு தனியார் பள்ளிகளும் டியூஷன் சென்டர்களும் நடத்தும் முகாம்கள் வேறு. அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், ரோபோட்டிக்ஸ், சிலம்பம் என்று மார்ச் மாதமே சுவர்களில் ஃபிளக்ஸ் ஏறிவிடும். இவற்றில் எது நல்லது, எது வெறும் வசூல் என்பது ஃபிளக்ஸைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல.

லீவில் எதற்குக் கற்க வேண்டும், பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஆய்வாளர்கள் ஒரே பதில் சொல்லவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் அட்லாண்டா நகரப் பிள்ளைகளை ஆராய்ந்து 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக வளரவில்லை, லீவில்தான் வளர்கிறது என்பது அவர் கண்டது. பால்டிமோர் நகரில் 1982 முதல் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது. பள்ளி எல்லாருக்கும் பொதுக் குழாய். அது மூடும்போது வீட்டில் கிணறு இருப்பவனுக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கிறது என்று அதை விளங்கிக்கொள்ளலாம். பின்னாளில் வந்த சில ஆய்வாளர்கள், தேர்வுகளால் திறனை அளந்த முறையிலேயே கோளாறு இருக்கிறது, இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேரும் முன்பே உண்டாகிவிடுகிறது என்று மறுத்தார்கள். சண்டை இன்னும் தீரவில்லை.

இந்திய அனுபவம் இதைவிடத் தெளிவானது. 2008 ஜூனில் பீகாரில் பிரதம் என்ற தன்னார்வக் கல்வி அமைப்பு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக ஒரு மாதக் கோடை முகாம் நடத்தியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதை முறையாக அளந்து பார்த்தார்கள். ஒரே மாதத்தில் வாசிப்புத் திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, ஆசிரியர்கள் புதியவர்கள் அல்ல. பள்ளியில் ஆண்டு முழுக்க இருந்த அதே வகை ஆசிரியர்கள்தான். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி லீவில் இல்லை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க நேரம் இருந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

அப்படிச் செலவில்லாமல் கற்றுத்தர, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வேறு மாவட்டங்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு வகுப்பறை உண்டு. அது அவற்றின் மண். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தப் பகுதியின் பெரும்பகுதியைக் கடல் வந்து வந்து மூடியிருந்தது. புவியியலில் கிரெட்டேசியஸ் எனப்படும் காலம் அது. மேற்கே ஊட்டத்தூர், காரைப் பக்கம் பழைய படிவுகள். கிழக்கே அரியலூரை நோக்கி வர வர இளையவை. அதாவது காரையிலிருந்து அரியலூருக்கு ஒரு பிள்ளை பஸ்ஸில் வந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்துவிடுகிறது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் இங்கிருந்து புதைபடிமங்களைச் சேகரித்து அனுப்பிய பிறகு உலகம் இந்த மண்ணைக் கவனித்தது. புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இதை வரைபடமாக்கி 1862-இல் அறிக்கை வெளியிட்டார்; ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த உயிரினங்களைப் பெரும் தொகுதிகளாக விவரித்தார். இன்றும் உலகெங்கும் கிரெட்டேசியஸ் கடல் உயிர்களைப் படிக்கும் மாணவர்கள் அரியலூர் என்ற பெயரைப் புத்தகத்தில் கடந்தே போகிறார்கள். அரியலூரில் படிக்கும் பிள்ளைக்கு அது தெரியாமல் போவது வேடிக்கைதான்.

ஆலத்தூர் அருகே சாத்தனூரில் ஓடைக்கரையில் ஒரு கல்மரம் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை அடையாளம் கண்டார். நீளம் 18 மீட்டருக்கு மேல். சுமார் 12 கோடி ஆண்டு முற்பட்டது என்று அரசுக் குறிப்புகள் சொல்கின்றன. பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முந்தைய, ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது அது. கடலில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்தபின், மரத்தின் திசுக்களுக்குப் பதிலாகச் சிலிகா படிந்து கல்லாகிவிட்டது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலும் மரத்தின் வரிகள் தெரியும்.

காரையில் செடி கொடி அதிகம் இல்லாத, மழை நீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய களிமண் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருக்கின்றன. களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் வெள்ளைக் கோடாக ஓடும். பேனா முனை போலிருக்கும் பெலம்னைட் துண்டுகள் அங்கே கிடைக்கும். கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த பகுதி அது. ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடலுயிர்கள் இந்தப் படிவுகளின் அடையாளமே. வைணவர்கள் பூசையில் வைக்கும் சாளக்கிராமமும் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் படிமம்தான். இதை ஒரு பிள்ளையிடம் சொன்னால் பூசை அறையையும் அது புதிதாகப் பார்க்கும்.

அரியலூரில் இந்தப் பாடம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டு பழையது. அதில் சிப்பி ஓடுகள் அடைசலாக இருக்கின்றன. அரசு சிமென்ட் ஆலை 1979 முதல் அரியலூரில் இயங்குகிறது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் இருக்கின்றன. டிப்பர் லாரி ஓட்டுபவர், சுரங்கத்தில் வேலை பார்ப்பவர், ஆலையில் மூட்டை ஏற்றுபவர் என்று இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான அப்பாக்களின் பிழைப்பு அந்தச் சிப்பியிலிருந்து வருகிறது. தான் ஏற்றிப்போன கல் ஒரு காலத்தில் உயிரோடிருந்தது என்பதை அப்பாவுக்குப் பிள்ளை வந்து சொல்லும் வாய்ப்பு, முகாம் சரியாக நடந்தால் மட்டுமே உண்டு. வாரணவாசியில் உள்ள அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம் அதற்கென்றே இருக்கிறது.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் கிடைக்கிறது. 2020 அக்டோபரில் குன்னம் அருகே குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன, ஊர்மக்கள் திரண்டார்கள். அவை அம்மோனைட் படிவுகள் என்று புவியியலாளர்கள் வந்து விளக்க வேண்டியிருந்தது. இதற்காக யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. இந்த மண்ணில் டைனோசர் இல்லாமலும் இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று கருதப்படும் புருகத்காயசாரஸ் 1980-களின் பின்பாதியில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அந்த எலும்புகள் நிலைக்காமல் சிதைந்து போயின. இன்று எஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். பாதுகாப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. படிமத்தைப் பார்த்ததும் பையில் போட்டுக்கொள்வதா, இருந்த இடத்தைக் குறித்து வைப்பதா என்பதை முகாமின் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரமும் அருகிலேயே இருக்கிறது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மாளிகைமேட்டில் தொல்லியல் துறை சோழர் அரண்மனையின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்த இடத்தைப் பிள்ளைகள் நடந்தே பார்க்கலாம். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வரித்தலை வாத்துகளைப் பார்க்கக் கோடையில் போவதில் பயனில்லை. அவை குளிர்காலத்து விருந்தாளிகள்.

இனி, பெருமை. முகாமின் கடைசி நாளில் நிறைவு விழா நடக்கும். பிள்ளை மேடையேறும், கையில் சான்றிதழ், கழுத்தில் மெடல். அம்மாவின் போனில் அன்று மாலையே அது ஸ்டேட்டஸ். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா, அத்தை, மாமா எல்லாரும் கைதட்டும் படம் போடுவார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க எதுவும் இல்லை. தன் வயதில் கையெழுத்துப் போட்டதோடு நின்றுபோன ஓர் அம்மாவுக்கு, மகள் மேடையில் மைக் பிடித்துப் பேசுவது சாதாரணக் காட்சி அல்ல. சிக்கல், பெருமை அந்தக் காகிதத்தின் மீது போய் ஒட்டிக்கொள்ளும்போதுதான் வருகிறது.

இது பற்றி ஒரு சோதனை 1973-இல் அமெரிக்காவில் நடந்தது. உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் நர்சரிப் பள்ளிக் குழந்தைகளில் தாமாகவே ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய விரும்புபவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஆக, சான்றிதழ் தன்னளவில் கெட்டதல்ல. அதைக் காட்டி இழுத்தால்தான் விளையாட்டு வேலையாகிவிடுகிறது.

பாராட்டு விஷயமும் இப்படியே. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். நீ புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான புதிரையே நாடின. கடினமானது வந்தபோது சோர்ந்தன. நன்றாக உழைத்தாய் என்று கேட்டவை கடினமானதைத் தேடின. நம் வீடுகளில் இதை மாற்றிச் செய்கிறோம். வந்தவர்களிடம் பிள்ளையை நிறுத்தி, இவன் எல்லாத்திலயும் ஃபர்ஸ்ட் என்போம். என்ன செய்தாய் என்று கேட்டு, அவன் சொல்வதை உட்கார்ந்து கேட்பது குறைவு. எந்தக் கல்லை எங்கே பார்த்தாய், சிலிகா எப்படி மரத்துக்குள் போனது என்று கேட்டால் பிள்ளை அரைமணி நேரம் பேசும். அந்த அரைமணி நேரத்தை ஸ்டேட்டஸில் போட முடியாது. ஆனாலும் முகாமின் பயன் அதில்தான் தெரியும்.

அரியலூர்க்காரர்கள் உண்மையாகவே பெருமைப்படத்தக்க ஒரு பெயர் எஸ். கார்த்தி. காவலாளி வேலை பார்த்த தந்தையின் மகன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியில் ஹாக்கி வீரராக வளர்ந்தார். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடிய அன்றே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் எதிராகக் கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் இந்தியா 4-3 என்று மலேசியாவை வென்றது. அவர் எடுத்துக்கொண்ட காலம் ஒரு கோடை அல்ல, பல ஆண்டுகள். முகாம் ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச உதவி, இது எனக்குப் பிடிக்கிறது என்று அதற்கே தெரியவைப்பது. அதற்குப் பிறகான வேலை ஜூனில் தொடங்குகிறது: மைதானம், பயிற்சியாளர், காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடும் வீடு.

முகாமுக்கு வராத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசு முகாம்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரத்தில் நடக்கின்றன. வேப்பந்தட்டையின் மலையடிவார ஊரிலிருந்தோ தா.பழூர்ப் பக்கத்துக் கொள்ளிடக்கரை ஊரிலிருந்தோ காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஒரு பிள்ளை நிற்க வேண்டுமானால், யாராவது பைக்கில் கொண்டுவந்து விட வேண்டும். பெண் பிள்ளை என்றால் துணைக்கு ஆளும் வேண்டும். பத்தாவது முடித்த பையன்கள் பலர் லீவில் கூலி வேலைக்குப் போகிறார்கள். மதிய உணவுத் திட்டம் பள்ளி நாட்களுக்கானது என்பதால், லீவில் அந்தச் சாப்பாடும் கிடையாது. லீவில்தான் இடைவெளி வளர்கிறது என்று ஹெய்ன்ஸ் சொன்னது சரியானால், முகாம் மிகவும் தேவைப்படுவது வர முடியாத இந்தப் பிள்ளைகளுக்கே. ஊராட்சி ஒன்றியம் தோறும் ஒரு பள்ளியைத் திறந்து வைத்து, இரண்டு ஆசிரியர்களுக்கு மதிப்பூதியமும் பிள்ளைகளுக்கு ஒருவேளை சாப்பாடும் கொடுத்தால் பீகாரில் நடந்தது இங்கும் நடக்கும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை, உத்தரவு தேவை.

தூரம் ஒரு பொருட்டே அல்லாத முகாம் ஒன்று இருக்கிறது. இஸ்ரோ 2019 முதல் நடத்தும் ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி திட்டம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மே மாதம் இரண்டு வாரம் திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூர் போன்ற இஸ்ரோ மையங்களில் தங்கவைத்துச் சொல்லித் தருகிறார்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ செலவு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கே அதிக எடை. இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர், என்.சி.சி. ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனியாகக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். குன்னத்திலோ செந்துறையிலோ படிக்கும் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைவிட இங்கே ஒரு படி மேலான இடம். இதைப் பல பெற்றோர் அறிவதே, வேறு யாரோ ஒரு பிள்ளை போய்வந்த செய்தியை மே மாதம் பத்திரிகையில் படிக்கும்போதுதான்.

அதனால் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டும் முன்பு யார் சொல்லித் தருகிறார்கள், ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், குடிநீரும் கழிப்பறையும் இருக்கிறதா, பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். விளையாட்டு ஆணையத்தின் முகாம் அறிவிப்பு ஏப்ரலில் வரும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். முகாமே கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாத்தனூருக்கோ வாரணவாசிக்கோ பிள்ளையை நீங்களே கூட்டிப் போகலாம். யுவிகா விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் திறக்கிறது, இஸ்ரோவின் இணையதளத்தில். அடுத்த முறை அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளை இந்தக் கோடையில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறது.